டாங்கிளுக்கு மின்சாரம் எட்டுகிறதா?

ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்வது உண்டு என்பதை நம் குடியானவர்கள் நன்கறிவர். அப்போது அவர்கள் ஏரியைக் குறை கூறுவதில்லை. மதகு போதிய அளவு திறந்திருக்கிறதா, வாய்க்கால் குறுகிக் கிடக்கிறதா என்றே பார்ப்பார்கள். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தையும் மழையின் அளவையும் தாமாகவே அறிவிக்கும் சிறு கணினிகளை ஊராட்சிகள் வைக்க முற்படும் இந்நாளில், அதே பார்வை மின்சாரத்திற்கும் வேண்டப்படுகிறது.

எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். அங்கு மோட்டார் அறையில் ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணினி ஒன்றை அமைத்து, அதில் சிம் அட்டை கொண்ட இணைய டாங்கிளைச் செருகியிருந்தனர். தொட்டியின் நீர்மட்டம் மணிக்கொரு முறை ஊராட்சி அலுவலகத்திற்கு வந்து சேரவேண்டும். ஆனால் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. இரண்டு முறை சார்ஜரை மாற்றியும் பயனில்லை. தொட்டி இயக்குபவர் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார் என்று மன்றக் கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அவரோ, "ஐயா, அந்தப் பெட்டியை நான் தொட்டதே இல்லை" என்று எம்மிடம் முறையிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

நாம் அந்த அறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து கவனித்தோம். கணினி சும்மா இருக்கையில் அதன் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. டாங்கிள் செய்தி அனுப்பத் தொடங்கியதும் அவ்விளக்கு கண் சிமிட்டி அணைந்தது. டாங்கிளின் தொடர்பும் அறுந்தது. பிளக்கின் அருகே ஒருவரும் செல்லவில்லை. அந்தக் கணினியில் சிவப்பு விளக்கு அணைவது மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். கணினிக்கு வேண்டியதோ 5 வோல்ட். குறைந்த அழுத்தம் எங்கே போயிற்று?

குறை வயரில் இருந்தது

சார்ஜரின் மேல் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, அதில் பிழையில்லை. சார்ஜரையும் கணினியையும் இணைத்த ஒரு மீட்டர் வயர்தான் மெலிந்தது. அதனுள் இருந்த செப்புக் கம்பி 0.32 மில்லிமீட்டர் கனமே உடையது. அத்தகைய கம்பி ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் தடை தரும். மின்சாரம் ஒரு கம்பியில் சென்று மறு கம்பியில் திரும்புவதால், மொத்தத் தடை 0.42 ஓம் ஆகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வழியில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும். கணினி மட்டும் அரை ஆம்பியர் வாங்கும்போது இழப்பு 0.21 வோல்ட், எஞ்சுவது 4.79. இது போதும். டாங்கிள் செய்தி அனுப்புகையில் மேலும் அரை ஆம்பியர் வாங்குகிறது. அப்போது இழப்பு 0.42 வோல்ட்; எஞ்சுவது 4.58. இது போதாது. கணினி சும்மா இருக்கையில் குற்றமின்றித் தோன்றி, வேலை செய்யும் வேளையில் மட்டும் நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

அதே நீளத்தில் 0.51 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியாயின் மொத்தத் தடை 0.17 ஓம் மட்டுமே. ஒரு ஆம்பியர் ஓடினாலும் 4.83 வோல்ட் வந்து சேரும். வயரை அரை மீட்டராகக் குறைத்தால் இழப்பும் பாதியாகும். குட்டையான, கனமான வயரே நல்ல வாய்க்கால்.

மதகின் அளவும் அறியவேண்டும்

வாய்க்கால் நன்றாயிருந்தும் மதகு சிறிதானால் நீர் வராது. கணினியின் யூ.எஸ்.பி. துளைகள் வெளியே விடும் மின்னோட்டத்திற்கு எல்லை உண்டு. 2012இல் வெளிவந்த முதல் ராஸ்பெர்ரி பை பலகைகளில் ஒவ்வொரு துளைக்கும் 140 மில்லி ஆம்பியர் அளவுள்ள காப்பு இருந்தது. டாங்கிளுக்கு அது எட்டாது. 2014இல் வந்த பி பிளஸ் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் தரும். அமைப்பை மாற்றினால் 1.2 ஆம்பியர் வரை தரும். மூன்றாம், நான்காம் வகைகள் சேர்த்து 1.2 ஆம்பியர் தருகின்றன. 2023இல் வந்த ஐந்தாம் வகை, 3 ஆம்பியர் அடாப்டரில் 600 மில்லி ஆம்பியரும், அதற்கென உள்ள 5 ஆம்பியர் அடாப்டரில் 1.6 ஆம்பியரும் தரும்.

அடாப்டரிலும் வகைக்கேற்ற அளவு வேண்டும். மூன்றாம் வகைக்கு 2.5 ஆம்பியரும், நான்காம் வகைக்கு 3 ஆம்பியரும் தருவதாக, 5.1 வோல்ட் அடாப்டர்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. அந்த 0.1 வோல்ட் வயரில் ஏற்படும் இழப்பை ஓரளவு ஈடு செய்கிறது.

கோபுரம் தொலைவில் இருந்தால்

கைப்பேசிக் கோபுரம் தொலைவிலுள்ள ஊர்களில் டாங்கிள் உரத்துக் கூவவேண்டியிருக்கிறது. அவ்வளவுக்கு மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். ஆகையால் தகரக் கூரையின் கீழும் இரும்பு அலமாரிக்குள்ளும் டாங்கிளை வைத்தல் ஆகாது, சன்னலோரம் நன்று. ஆனால் அதற்காக மெலிந்த நீட்டிப்பு வயரைக் கோத்துவிட்டால் வந்த அழுத்தம் அதிலே போய்விடும்.

இவற்றாலும் தீராவிடில், தனி அடாப்டரில் மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை வாங்கி, டாங்கிளை அதில் செருகலாம். டாங்கிளின் சுமை அப்போது கணினியின் மேல் விழாது. சில ஹப்புகள் கணினிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் குறை உடையவை. அமைக்கும்போதே, மற்ற வேலை தொடங்குமுன், கணினியின் அடாப்டரை மட்டும் எடுத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்தால் அந்த ஹப் வேண்டாம்.

மின்தடை மிகுந்த ஊர்களில் 12 வோல்ட் பாட்டரி வைப்பதுண்டு. அதை நேரே கணினியில் இணைத்தால் கணினி கெட்டுவிடும். 5 வோல்ட்டாக மாற்றும் கருவி இடையில் இருக்கவேண்டும். ஒரு ஆம்பியர் வாங்கும் அமைப்புக்கு 5 வாட், நாளொன்றுக்கு 120 வாட்-மணி தேவை. 40 ஆம்பியர்-மணி பாட்டரியின் பாதியைப் பயன்படுத்தினால், மாற்றுவதில் வீணாவது போக, சுமார் ஒன்றரை நாள் ஓடும்.

ஊராட்சி உறுப்பினர் பார்க்கவேண்டியவை

1. அடாப்டரின் மேல் எழுதிய ஆம்பியர் அளவு கணினியின் வகைக்குப் போதுமா?

2. வயர் கனமானதா, ஒரு மீட்டருக்கு உட்பட்டதா?

3. டாங்கிள் செய்தி அனுப்பும்போது சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா? திரை இணைத்திருந்தால் மின்னல் குறி தோன்றுகிறதா?

4. டாங்கிளுடன் வேறு கருவிகளும் துளைகளில் மின்சாரம் வாங்குகின்றனவா?

5. கணினியை முறைப்படி நிறுத்திய பின்னரே மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா? அடிக்கடி திடீரென நின்றால் மெமரி கார்டில் உள்ள பதிவுகள் பழுதாகும்.

மேற்சொன்ன கிராமத்தில் அரை மீட்டர் நீளமுள்ள கனமான வயர் ஒன்றை வாங்கி மாட்டினோம். வேறு எதையும் மாற்றவில்லை. அன்று முதல் நீர்மட்டம் மணிதோறும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தொட்டி இயக்குபவர் மீது குற்றமில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. குற்றம் சாட்டிய உறுப்பினரே அதனை முன்மொழிந்தார்.

கருவி நின்றுபோனால் நமக்கு முதலில் ஓர் ஆளின் மேல் ஐயம் பிறக்கிறது. ஆளை விசாரிக்குமுன் வயரை விசாரிப்போமாக. ஒரு கனமான வயருக்கு ஆகும் செலவு சிறிது. பழி சுமக்கும் ஓர் எளிய ஊழியனுக்கு நேரும் இழப்போ பெரிது.