கம்ப்ரசர் போச்சா, ரிலே போச்சா? பிரிட்ஜ் உதிரி பாகங்கள் பற்றி ஒரு பாடம்



தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் நம் குழுக்களில் பலருக்கு பிரிட்ஜ் வெறும் வீட்டுச் சாமான் இல்லை. மாவு அரைத்து விற்பவருக்கும், பூ கட்டுபவருக்கும், மீன் விற்பவருக்கும் அதுதான் முதலீடு. ஒரு நாள் நின்றால் மாவு புளித்துவிடும், அந்த வாரத் தவணையும் தள்ளிப் போகும். அந்த அவசரத்தில் ஒருவர் வந்து, "கம்ப்ரசர் போச்சும்மா, பல ஆயிரம் ஆகும்" என்றால் சரி என்று தலையாட்டி விடுகிறோம். உடனே குழுவில் கடன் கேட்கிறோம். ஆனால் போனது சில நூறு ரூபாய் சாமானாகவும் இருக்கலாம்.

பிரிட்ஜை நாமே பிரித்து மேய வேண்டாம். எது கெட்டால் என்ன அடையாளம் என்று தெரிந்தால் போதும், சரியான கேள்வியைக் கேட்கலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

அதே பிளக்கில் வேறு சாமான் ஓடுகிறதா? உள்ளே குளிர் திருகு பூஜ்யத்தில் நிற்கிறதா? வோல்டேஜ் குறைவாக இருக்கிறதா? பிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி அடைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். இதிலேயே சில பிரிட்ஜுகள் சரியாகிவிடும்.

பாகங்களும் அடையாளங்களும்

1. கதவு ரப்பர் (கேஸ்கெட்): கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெதுவெதுப்பான நீர்த் துணியால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

2. தெர்மோஸ்டாட்: போதிய குளிர் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்துவது இதன் வேலை. இது கெட்டால் மோட்டார் நிற்காமல் ஓடி ஐஸ் மலையாகும், இல்லாவிட்டால் மோட்டார் ஓடவே ஓடாது.

3. ரிலே, ஓவர்லோடு: கம்ப்ரசரின் பக்கத்தில் செருகியிருக்கும் சின்னப் பாகங்கள். உள்ளே விளக்கு எரியும், குளிர் வராது. சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் 'டிக்' என்று மட்டும் சத்தம் கேட்கும். மெக்கானிக் கழற்றிய ரிலேயை ஆட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால் அது உடைந்துவிட்டது. "கம்ப்ரசர் போச்சு" என்பவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ரிலே மாத்திப் பாத்தீங்களா?" என்பதுதான். இன்வெர்ட்டர் வகையில் இந்த வேலையைச் செய்வது ஒரு மின்பலகை. அங்கே, "போர்டைச் சோதிச்சீங்களா?" என்று கேளுங்கள்.

4. டைமர், ஹீட்டர், பைமெட்டல்: ஐஸ் கட்டாத இரட்டைக் கதவு வகையில் இருப்பவை. மேலே ஃப்ரீசர் நன்றாகக் குளிரும், கீழே குளிரே இருக்காது. ஃப்ரீசரின் பின்தகட்டுக்குள் ஐஸ் அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

5. காஸ்: இது அடுப்பு சிலிண்டர் போலத் தீர்ந்து போவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைத்து, டிரையர் மாற்றி, வேக்யூம் பம்ப்பால் உள்காற்றை இழுத்த பிறகே காஸ் ஏற்ற வேண்டும். "டாப்-அப் பண்ணிட்டேன்" என்றால் சில வாரத்தில் மறுபடி செலவு வரும். புதிய பிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள ஆர் 600 ஏ, சமையல் காஸ் போலத் தீப்பிடிக்கும். எந்த காஸ் என்று கம்ப்ரசர் சீட்டில் எழுதியிருக்கும். பயிற்சி பெற்றவரைத் தவிர யாரையும் தொட விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசர் தகட்டுக்குள்தான் காஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், பல ஆயிரம் செலவு.

வெள்ளத்தில் நனைந்த பிரிட்ஜ்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ரிலேயும் ஓவர்லோடும் தரையை ஒட்டி இருப்பதால் முதலில் நனைவது அவைதான். கம்ப்ரசர் மூடி ஒட்டப்பட்ட உருண்டை, அதற்குள் தண்ணீர் எளிதில் போகாது. அதனால் "நனைஞ்சிடுச்சு, கம்ப்ரசர் மாத்தணும்" என்றால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகக் காய்ந்து, எலக்ட்ரீஷியன் சோதிக்கும் வரை பிளக் மட்டும் போடக் கூடாது. ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பதில்தான் ரிலே எரியும், ஷாக்கும் அடிக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் பிரிட்ஜைச் செங்கல் மேடையில் அசையாமல் ஏற்றி வைப்பது நல்லது.

பணம் கொடுக்கும் முன்

- மாடல் எண்ணை இன்றே எழுதி வையுங்கள். அது இல்லாமல் வாங்கும் ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் பொருந்தாமல் போகலாம்.
- உத்தரவாத அட்டையைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் தனியாக 10 வருடம் வரை உத்தரவாதம் தருகின்றன. கூலியும் காஸும் அதில் சேருமா என்று கேளுங்கள்.
- பாகத்தின் விலை தனி, கூலி தனி என்று பில் வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.
- கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். உண்மையில் மாற்றியதற்கு அதுவே சாட்சி.

ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் மனு நிற்பது கஷ்டம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் கடந்த ஒரு வருடத்தில் பிரிட்ஜ் ரிப்பேருக்கு யார் எவ்வளவு செலவு செய்தோம்? பில் எத்தனை பேரிடம் இருக்கிறது?
2. நம் பகுதியில் பில்லும் பழைய பாகமும் கொடுக்கும் மெக்கானிக் யார்? அவர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதலாமா?
3. ரிப்பேர் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், எந்தப் பாகம் போனது என்று எழுதிய சீட்டைக் கேட்கலாமா?

மூன்றாவது கேள்வி சந்தேகப்படுவதற்காக இல்லை. அந்தச் சீட்டைக் கேட்கும்போதே மெக்கானிக் ஒருமுறை ரிலேயைச் சோதித்துப் பார்ப்பார். மிச்சமாகும் ஆயிரங்கள் அடுத்த மாதச் சேமிப்பில் சேரும்.