அம்மம்மாவின் படம் ஏன் மங்கலாக இருக்கு?

இந்தக் கிழமைப் பகுதியில் போனில் வரும் படப் பிரச்சினைகள் பற்றிக் கதைத்தோம். அங்கே ஓட்டத்தில் சொன்னதை நீங்கள் ஆறுதலாகச் செய்து பார்க்க இங்கே எழுதித் தாறன். அம்மா, அப்பாவின் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

எதையும் திருத்த முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இந்தப் படத்தின் ஒரிஜினல் எங்கே இருக்கு?

எங்களில் பலருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கையில் அகப்பட்டதைத்தான் கொண்டுவந்தது. எத்தனையோ வீட்டு அல்பங்கள் அங்கேயே போய்விட்டன. மிஞ்சின ஒன்றிரண்டு படம் லண்டனில் ஒரு மாமியிடமோ, கோட்-தே-நேஜில் ஒரு பெரியம்மாவின் போனிலோ இருக்கும்.

1. படம் மங்கல்

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 12 மெகாபிக்சல் படம் ஒன்றின் நீளப் பக்கம் சுமார் 4000 பிக்சல். வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது அது ஏறக்குறைய 1600 ஆகிவிடும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 20 அங்குலச் சட்டத்துக்குப் பெருப்பித்தால், ஓர் அங்குலத்துக்கு 80 பிக்சல்தான் கிடைக்கும். முகம் கட்டம் கட்டமாக உடையும். ஒரிஜினல் என்றால் 200 கிடைக்கும், வடிவாக வரும்.

எங்கட சொந்தத்தில் ஒருவர் காலமானபோது, கிரியைக்கு வைக்கப் பெரிய படம் தேவைப்பட்டது. எல்லாரிட்டையும் இருந்தது வாட்ஸ்அப் பிரதிதான். கடைசியில், படம் எடுத்த சித்தப்பாவின் பழைய போனை லாச்சிக்குள் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டோம். ஒரிஜினல் அதற்குள் இருந்தது.

செய்ய வேண்டியது: படத்தை எடுத்தவரிடம் கேளுங்கோ. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக இல்லாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கோ. அப்போது கோப்பு அப்படியே வரும். 2023இல் வந்த ‘எச்.டி.’ தெரிவு பரவாயில்லை, ஆனாலும் அதுவும் சுருக்கும்.

2. திகதி பிழை

படம் எடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். அதனால்தான் 2009இல் நடந்த கலியாணம் போன மாதப் படங்களோடு நிற்கிறது. ஐபோனிலும் கூகுள் ஃபோட்டோஸிலும் படத்தின் விவரப் பகுதிக்குப் போய்த் திகதியை மாற்றலாம்.

3. ‘இடம் போதாது’

இதிலேதான் கவனம். ஐகிளவுட் ஃபோட்டோஸ் வேலை செய்துகொண்டிருந்தால், போனில் அழிக்கிற படம் கிளவுட்டிலும் அழியும். கூகுள் ஃபோட்டோஸிலும் குப்பைத்தொட்டி அடையாளத்தை அமத்தினால், காப்பு எடுத்த பிரதியும் சேர்ந்து போகும்.

இடம் வேண்டுமென்றால் ஐபோனில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’, கூகுளில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ தெரிவைப் பாவியுங்கோ. இரண்டும் கிளவுட்டில் உள்ளதைத் தொடாது. அம்மாவின் போன் பிரெஞ்சில் இருந்தால், செட்டிங்ஸ் என்பது ஐபோனில் ‘ரெக்லாஜ்’, ஆண்ட்ராய்டில் ‘பாராமெத்ர்’.

தவறி அழித்தால் பதறவேண்டாம். ஐபோனில் ‘ரீசென்ட்லி டிலீட்டட்’ பகுதியில் 30 நாள் இருக்கும். கூகுளில் காப்பு எடுத்த படம் 60 நாள் இருக்கும், எடுக்காதது 30 நாள்.

4. கணினியில் திறக்குதில்லை

2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 தொடக்கம் ஐபோன்கள் படத்தை ‘ஹெய்க்’ என்ற வடிவில் சேமிக்கின்றன. பழைய கணினிகளுக்கு அது விளங்காது. கேமரா செட்டிங்ஸில் ‘ஃபார்மட்ஸ்’ போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தெரிவு செய்தால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆக வரும்.

5. மாரிக்காலப் புகார்

வெளியில் மைனஸ் 20இல் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தவுடன் படம் எடுத்தால், லென்ஸில் ஈரம் படிந்து படம் புகைமாதிரி வரும். போனில் பழுது ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் சூடேற விட்டு, மெல்லிய துணியால் துடையுங்கோ.

6. பழைய கடதாசிப் படம்

ஃபிளாஷ் போடாதேங்கோ, பளபளப்பு வரும். யன்னல் வெளிச்சத்தில், மேசையில் தட்டையாக வைத்து நேர் மேலே இருந்து எடுங்கோ. பின்பக்கத்தையும் எடுங்கோ. பெயர், ஊர், வருசம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.

ஏ.ஐ. கொண்டு முகத்தைத் தெளிவாக்கலாம்தான். ஆனால் படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது ஊகித்து வரைகிறது. வருவது வடிவான முகம், அம்மம்மாவின் முகமோ தெரியாது. செய்தாலும் தனிப் பிரதியில் செய்யுங்கோ, ஒரிஜினலில் கை வைக்காதேங்கோ.

இந்தக் கிழமை வீட்டுவேலை

உங்கட வீட்டில் எல்லாரும் தேடும் ஒரேயொரு படத்தைத் தெரிவு செய்யுங்கோ. அதன் ஒரிஜினல் யாரிடம் என்று கேட்டு, டொக்கியுமென்டாக எடுத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கோ. படத்தில் நிற்கிறவர்களின் பெயர்களை அம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கோ. அந்தப் பெயர்கள் எந்தக் கிளவுட்டிலும் இல்லை.