முள் பொய் சொல்லக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

ஹட்டனில் கடை திறந்து, முதல் பெரிய வேலையாக லேண்ட் ரோவர் டூ-ஏ பிக்கப் ஒன்றின் டாஷ்போர்டைக் கழற்றி மேசையில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். படங்களையும் பார்த்தேன். டயலுக்குப் புதிதாக பிரிண்ட் அடிக்க ஆள் பிடித்துவிட்டாய். வளையத்துக்கு முலாம் பூச விலையும் கேட்டுவிட்டாய். உள்ளே இருக்கும் மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் ஆர்வம் புரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் பழைய வண்டிகளுக்கு மவுசு ஏறிவிட்டது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பொலிஷ் போட்ட பழைய ஜீப் ஒன்று நின்றால் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் உன்னிடம் வரும் வண்டிகள் எல்லாம் படத்துக்கு நிற்கப் போவதில்லை. கந்தப்பளையிலும் ராகலையிலும் மரக்கறி ஏற்றப் போகும். லயத்தில் நடுராத்திரி ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடும். செத்துக் கிடக்கும் மீற்றரை எந்த ட்ரைவரும் நம்ப மாட்டார். டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார், ஏற்றத்தில் நிறுத்தி ரேடியேட்டரைக் கவனிப்பார். புதுசு போல மின்னும் மீற்றரை அவர் நம்பிவிடுவார். ஆகவே அழகாக்கிவிட்டுப் பொய் சொல்ல விடுவது, பழுதாகவே விட்டுவிடுவதைவிடப் பெரிய தப்பு.

வேலையை ஏர்த்திலிருந்து தொடங்கு. டூ-ஏ மாடல் 1961 முதல் 1971 வரை வந்தது. 1967 வாக்கில்தான் அது பொசிட்டிவ் ஏர்த்திலிருந்து நெகட்டிவ் ஏர்த்துக்கு மாறியது. பதிவுப் புத்தகத்தில் உள்ள வருடத்தை வைத்து முடிவு கட்டாதே. இடையில் யார் யார் கை வைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்காது. பற்றரியின் எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார். பிறகு டாஷ்போர்டின் பின்பக்கம், மீற்றர் கூடு தகட்டைத் தொடும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு, பொடியோடு ஒரு தனி வயர் இழுத்துக் கொடு. பனியும் மழையும் விடாத ஊர் இது. மீற்றர் பழுது என்று வருவதில் பலதும் ஏர்த் பழுதுதான்.

அடுத்து பெற்றோல் மீற்றர். சாவியைப் போட்டதும் முள் துள்ளி எழுந்து ஆடினால் அது பழைய காந்தவகை. மெதுவாக, சோம்பல் முறித்துக்கொண்டு ஏறினால் ஸ்மித்ஸ் கம்பனியின் இரட்டை உலோக வகை; அதற்குள் சூடேறி வளையும் ஒரு பட்டைதான் முள்ளைத் தள்ளுகிறது. இந்த வகைக்குப் பின்னால் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று, சின்ன டப்பா போல இருக்கும். பெற்றோல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தாற்போல் கூடுதலாகக் காட்டினால் இரண்டு மீற்றரையும் கழற்றிக்கொண்டு உட்காராதே. அந்த டப்பாவுக்கு ஏர்த் அறுந்து, முழு 12 வோல்ட்டும் உள்ளே போகிறது என்று அர்த்தம். டப்பா செத்திருந்தால், அதன் கூட்டுக்குள்ளேயே மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றை வைத்துவிடலாம், வெளியே பார்த்தால் பழையது போலவே இருக்கும். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 7810 ரெகுலேட்டர் நெகட்டிவ் ஏர்த் வண்டிக்கு மட்டும்தான். ஏர்த்தை முதலில் பார் என்றது இதற்காகவும்தான்.

டாங்கிக்குள் இருக்கும் மிதவையையும் அளந்து பார். ஸ்மித்ஸ் மீற்றருக்கு டாங்கி காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 240 ஓம் வேண்டும், நிறைந்தால் 20 சொச்சம். நம் ஊரில் கைக்கு அகப்படுவது ஜப்பான் வண்டி மிதவை. அவற்றில் பல காலியில் 110 ஓம் அளவில் நின்றுவிடும். கம்பியை வளைத்து, ஓட்டையைப் பொருத்தி எப்படியோ பூட்டிவிடலாம். ஆனால் டாங்கி வற்றினாலும் முள் அடிக்கோட்டுக்கு இறங்காது. 2022இல் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுப் பார், இல்லாத இரண்டு லீற்றரை இருப்பதாகக் காட்டும் மீற்றர் என்ன செய்யும் என்று.

ஹீட் மீற்றரைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துச் சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. புத்தகத்தில் 100 பாகை என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். உன் ஹட்டன் கடையில் 96 அளவில். கேத்திலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறதே, முள் 100ஐத் தொடவில்லையே என்று அதை மேலே தள்ளி வைத்தாயானால், சரியாக இருந்த மீற்றரைக் கெடுத்தவன் நீதான். நல்ல தெர்மோமீற்றர் ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டு, 60, 80, கொதிநிலை என்று மூன்று இடத்தில் ஒப்பிடு. வண்டிக்காரரிடம் இன்னொன்றும் சொல்லு: கொழும்பில் தாங்கும் சூட்டை இங்கே தண்ணீர் தாங்காது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால்தான் உள்ளே அழுத்தம் நின்று கொதிப்பதைத் தள்ளிப்போடும். கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி கொதிக்கிறது என்றால் மூடியையும் பார்க்கச் சொல்.

அம்பியர் மீற்றர் விஷயத்தில் நீ பிடிவாதம் பிடிக்காதே. அது டைனமோ காலத்துப் பொருள். அந்தக் காலத்து லூக்காஸ் டைனமோ 22 அம்பியர் அளவில்தான் கொடுத்தது. மீற்றரும் 30க்குக் கோடு போட்டது. இன்று நிறையப் பேர் ஓல்டர்னேட்டர் பூட்டிவிட்டார்கள், 45ம் அதற்கு மேலும் வரும். ஓடும் மின்சாரம் அத்தனையும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சின்னத் திருகாணி வழியாகப் போகிறது. தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் ஒன்று தளர்ந்தால் அந்த இடம் பழுக்கும், வயர் எரியும். பழைய கூட்டுக்குள் வோல்ட் மீற்றரை வைத்துவிடு. நிறுத்தியிருக்கும்போது 12.6, ஓடும்போது 14க்குப் பக்கம் நின்றால் பற்றரியும் சார்ஜும் நலம் என்று ட்ரைவருக்குச் சொல்லிக் கொடு. டயலிலும் வோல்ட் என்றே எழுது. அம்பியர் என்ற எழுத்தை அழகுக்காக விட்டுவைப்பது வேண்டாம்.

ஸ்பீடோ மீற்றரைக் கிலோமீற்றருக்கு மாற்றச் சொல்லித்தான் இனி அதிகம் பேர் வருவார்கள். ஊருக்குள் 50, வெளியே 70 என்று சட்டம் கிலோமீற்றரில் பேச, டயல் மைலில் பேசினால் சிரமம்தான். டயலில் எண்ணை மட்டும் மாற்றினால் வேகம் சரியாக வரும், 30 மைல் இருந்த இடத்தில் 48 என்று வர வேண்டும். ஆனால் கீழே உருளும் ஓட்டக் கணக்கு தொடர்ந்து மைலையே எண்ணும். ஒயில் மாற்றும் தூரம் பிசகும். உள்ளே பல்சக்கரத்தை மாற்ற முடியாவிட்டால் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் ‘மைல்’ என்று எழுதிவிடு.

டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும்: ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அது. டயர் அளவோ கியர்பொக்ஸோ மாறியிருந்தால் அந்த எண் பொருந்தாது. சமதரையில் 52 அடி 9½ அங்குலம் அளந்து கோடு போடு, மைலில் நூறில் ஒரு பங்கு அது. கேபிளை மீற்றரிலிருந்து கழற்றி, நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, வண்டியை அந்தத் தூரம் தள்ளச் சொல்லி, சுற்றை எண்ணு. நூறால் பெருக்கினால் வண்டி கேட்கும் எண் வந்துவிடும். கேபிளுக்கு கிரீஸ் போடும்போது மேல் நுனியில் ஒரு சாண் விட்டுவிடு; இல்லாவிட்டால் அது சுற்றிச் சுற்றி மேலேறி மீற்றருக்குள் போய், முள்ளை எப்போதும் வேகமாகவே காட்ட வைக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு டயலுக்கு வா. பழைய எழுத்து வாசிக்க முடிந்தால் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு அப்படியே விடு. போர்க்காலத்து ஜீப் மீற்றர் எதுவும் மேசைக்கு வந்தால், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய அந்த வர்ணத்தைச் சுரண்டவே கூடாது. அது ரேடியம், ஒளி போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது.

கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடு. எதை மாற்றினாய், எந்த ஏர்த், எத்தனை ஓம், எந்த ரெகுலேட்டர் என்று ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டின் பின்பக்கம் ஒட்டு. அடுத்த கராஜ்காரர் உன்னைத் திட்டாமல் வேலை செய்ய அது போதும். சோதித்துப் பார்க்க எடுக்கும் நேரத்துக்கும் கூலி கேள், வெட்கப்படாதே. சோதிக்க வேண்டாம், பளபளப்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், டயலைச் செய்துகொடுத்து முள்ளைக் கழற்றி வைத்துவிடு. முள் இல்லாத மீற்றரை யாரும் நம்பி ரோட்டில் இறங்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்