ஆடிக் காற்றும் காற்று மெஷினும்

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் பெரியப்பாவின் சிபேப் மெஷினிலிருந்து ஃபில்டரை உருவினேன். தீப்பெட்டி அளவு வெள்ளைத் துண்டு, செங்கல் சூளைப் பக்கத்து ரோட்டுப் புழுதி நிறத்துக்கு வந்திருந்தது. மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. "மூக்கே அடைச்சுக் கெடக்குது, இதுல மிஷினை எப்படிடா போடறது?" என்று நான்கு நாளாக அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருந்தார். குறட்டை திரும்பி வந்ததில் பெரியம்மாவுக்கும் தூக்கம் போச்சு.

அந்தியூர்ப் பக்கம் சிபேப் போட்டுத் தூங்குகிற பலருக்கும் ஆடியில் இதே கதைதான். தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் காற்றழுத்தத்தால் தாங்கிப் பிடிப்பதே இந்த மெஷினின் வேலை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை உலகுக்கு அறிவித்தபோதும் காற்று போன வழி மூக்குதான். அந்த வழி அடைத்தால் வாய் திறந்துகொள்ளும், காற்று வெளியே ஓடிவிடும், அழுத்தம் தொண்டையில் நிற்காது. காலையில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதற்காக மெஷினைக் கழற்றிவைத்தால் மூச்சுத் தடை திரும்ப வரும். மூக்கையும் அறையையும் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள்.

முதலில் இது அலர்ஜிதானா என்று பாருங்கள். பகலிலும் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீராக ஒழுகல் இருந்தால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். மெஷின் போட்ட பிறகு மட்டும் மூக்கு எரிந்து, வறண்டு, அடைக்கிறதென்றால் மெஷின் தள்ளும் உலர்ந்த காற்றே காரணமாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேண்டாம். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டிப் பாருங்கள். மாஸ்க் படுகிற இடத்தில் மட்டும் தோல் சிவந்தால் அது மாஸ்க்கின் சங்கதி. நன்றாகக் கழுவியும் போகவில்லை என்றால் வேறு வகைக் குஷன் கேளுங்கள்.

அலர்ஜி என்றால் எந்த மாதம் என்று குறித்துவையுங்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று. கூடவே ரோட்டுப் புழுதியும் சூளைச் சாம்பலும். மழை தலைகாட்டியதும் காலிமனையெல்லாம் பார்த்தீனியம் பூத்துவிடும். 1950-களில் புனேயில் முதலில் தென்பட்ட இந்தச் செடியின் மகரந்தம் அலர்ஜிக்குப் பேர்போனது. ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை. தை, மாசியில் மஞ்சள் பாலிஷ் போடும் தூசி. எது உங்களை வாட்டுகிறது என்று தெரிந்தால் மருத்துவரிடம் பேச்சு பாதியாகக் குறையும்.

அடுத்தது அறை. நீங்கள் இரவெல்லாம் இழுப்பது மெஷினின் பின்பக்கத்துக் காற்றை. எனவே அது தரையில் இருக்கக் கூடாது, ஜன்னலோரமும் கூடாது. முழங்கால் உயர ஸ்டூல் போதும். தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் சேரும் தண்ணீர் மூக்குக்கு ஓடி வராது. படுக்கையறையில் கொசுவத்தி, சாம்பிராணி இரண்டையும் நிறுத்துங்கள், வலை கட்டிக்கொள்ளலாம். காற்றுக் காலத்தில் சாயங்காலமே ஜன்னலை அடைத்துவிடுங்கள். பவானி ஜமக்காளத்தை வாசலில் உதறுங்கள், உதறுவது நீங்களாக இருக்க வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசி, காற்றுக் காலத்தில் மட்டும் வீட்டுக்குள் காயப்போடுங்கள்.

புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனால் குதிரைச் சந்தையைப் பார்க்காமல் வர மனசு வராது. போய்வாருங்கள். ஆனால் திரும்பியதும் தலைக்குக் குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் கட்டிலில் ஏற வேண்டும். குதிரையின் தோல் பொடியும் தீவனத் தூசியும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு தலையணைக்கு வந்துவிடும்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம்மூர் ஆடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். வெள்ளை ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது. மெஷினுக்கு நுண்ணிய வகை ஃபில்டர் கிடைத்தால் ஆனி முதல் ஆவணி வரை அதையே போடலாம்.

இனி மூக்கு. இரவு மாஸ்க் மாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு உப்புநீரால் கழுவினால் மகரந்தமும் சளியும் வெளியேறும். மருந்துக்கடையில் அதற்கென்றே பாக்கெட் விற்கிறது. தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் தேவை. குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேராக மூக்கில் போகக் கூடாது. ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2024, 2025-இல் மூளையைத் தின்னும் அமீபா உயிர்களைப் பறித்தது. அதில் ஒரு வகை மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தந்தால் பயப்படாதீர்கள். ஃப்ளூடிகசோன், மோமெட்டசோன் போன்றவை மூக்களவில் வேலை செய்பவை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதனால் காற்று கிளம்புவதற்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. அடிக்கும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சற்று முன்னால் தலை குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். அடித்த கையோடு மாஸ்க் மாட்டாமல் கொஞ்ச நேரம் விடுங்கள்.

உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு ரகம். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தே மூக்கை அடைக்கும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும். சிபேப் போடுகிறவர்களில் பலருக்கு பிரஷரும் இருப்பதால் கேட்காமல் விழுங்காதீர்கள். தூக்கக் கலக்கம் குறைவாகத் தரும் ஃபெக்சோஃபெனடின் போன்றவை உங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், தினமும் புதிதாக. நம்ம போர் தண்ணீர் ஊற்றினால் இரண்டே வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும்; கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. ஊட்டியிலிருந்து யாரோ கொடுத்த நீலகிரித் தைலத்தைப் பெரியப்பா தொட்டியில் நாலு சொட்டு விட்டார். "கமகமன்னு இருக்குமில்ல" என்றார். தைலம் தொட்டியையும் மாஸ்க்கின் சிலிக்கானையும் கெடுக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. அந்த மணம் போக நான்கு நாள் கழுவினோம்.

மாஸ்க் குஷனைத் தினமும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை, குழந்தை சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2020-இல் அதுபற்றி எச்சரித்திருக்கிறது.

இத்தனைக்கும் மூக்கு திறக்கவில்லை என்றால் அந்தச் சில வாரங்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் போடலாம். வாங்குமுன் போட்டுப் பார்த்து அளவெடுங்கள். அழுத்தத்தை மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

காய்ச்சல், கன்னத்தில் வலி, மஞ்சள் பச்சைச் சளி, ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, இழுப்பு, அடிக்கடி மூக்கில் ரத்தம் என்று எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பழைய ஆட்களுக்கு அது இன்னும் சானடோரியம்தான். போகும்போது மெஷினின் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஃபில்டர் அந்தியூர்க் கடைகளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை, கூரியரில்தான் வரவழைக்கிறோம். வைகாசி கடைசியிலேயே நான்கு சொல்லிவிடுங்கள்.