பாரமும் வாடகையும்

கேள்வி: பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறேன். வாடகையையும் குறைத்து, வரம்புக்கு மேல் ஐந்து டன் ஏற்றவும் சொல்கிறார்கள். மறுத்தால் வேறு வண்டிக்கு லோடு போய்விடுகிறது. என்ன செய்வது? (சங்ககிரி வாசகர்)

பதில்: 2018-இல் தங்கள் ரக வண்டியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசாங்கமே உயர்த்தியிருக்க, அதற்கும் மேலே ஐந்து டன் கேட்கும் சரக்குக்காரரின் ஆசையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே. டன்னுக்கு 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் தங்களுக்கு அதிகமாகக் கிடைப்பது 7,500. பிடிபட்டாலோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் 20,000-மும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000-மாக, ஆக 30,000. பாரத்தை இறக்கும் கூலியும் தங்கள் தலையிலேதான். இறக்காமல் வண்டி நகரவும் கூடாது. டயர் தேய்மானத்தை நான் சேர்க்கவேயில்லை.

அந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டுமன்றி ஓட்டச் செய்தவரையும் குற்றவாளியாகவே கருதுகிறது என்றாலும், நடுராத்திரியில் சோதனைச் சாவடியில் நிற்பவர் சரக்குக்காரர் அல்லவே! ஆகையால், லோடு ஏற்றியவுடன் பக்கத்து எடைமேடையில் நிறுத்தி, அந்தச் சீட்டில் உள்ள எடையையே பில்டியிலும் எழுதித் தருமாறு வற்புறுத்துங்கள். எழுதச் சம்மதியாதவரின் சரக்கை, வண்டி இரண்டு நாள் சும்மா நின்றாலும், ஏற்றாதீர்கள்.