‘அண்ட்’டுக்கு முன்னும் பின்னும்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. போன் அடித்தால் நீ எடுப்பதே இல்லை என்று அம்மா புலம்புகிறாள். ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருக்கிறாயாம். முதலில் வேளைக்குச் சாப்பிடு.

கைதான மீனவர்களுக்காக நீ எழுதி அனுப்பிய மனுவைப் படித்தேன். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. ரெண்டாவது பாராவில் மட்டும் கண் நின்றுவிட்டது. ‘அரெஸ்டட் ஃபிஷர்மென் அண்ட் போட் ஓனர்ஸ்’ என்று போட்டிருக்கிறாய். கைதானது மீனவர் மட்டுமா, படகுக்காரர்களுமா? படகுக்காரர்கள் கரையில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், படிக்கிற அதிகாரிக்குத் தெரியாது. முன்னால் நிற்கிற அடைமொழி ‘அண்ட்’டைத் தாண்டி அடுத்த சொல்லுக்கும் போகலாம், போகாமலும் நிற்கலாம். இங்கிலீஷ் ரெண்டுக்கும் இடம் கொடுக்கும். வரிசையை மாற்றி ‘போட் ஓனர்ஸ் அண்ட் அரெஸ்டட் ஃபிஷர்மென்’ என்று எழுது. சந்தேகத்துக்கே இடமில்லை.

சின்ன விஷயம் என்று தள்ளாதே. உங்கப்பா வலைக் கதை உனக்குத் தெரியும். ‘டேமேஜ்ட் போட் அண்ட் நெட்ஸ்’ என்று யாரோ எழுதிக்கொடுத்த மனு. சேதம் படகுக்குத்தானே, வலைக்கு என்று எங்கே இருக்கிறது என்று கேட்டு அதிகாரிகள் வலைக்குப் பைசா தரவில்லை. உன் அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் அடுத்த வலை வாங்கினோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைவிடப் பெரிய ஆறாத புண் நம் கரைக்கே இருக்கிறது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை எடுத்து வைத்து நிதானமாகப் படி. ‘இண்டியன் ஃபிஷர்மென் அண்ட் பில்கிரிம்ஸ்’ முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ வாங்க வேண்டியதில்லை என்கிறது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வினை, ‘விசிட்’. யாத்திரிகருக்கு அது போதும். அங்கிருக்கிற அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போவார், திரும்புவார். மீனவனுக்குப் போதுமா? மீனவன் என்றாலே மீன் பிடிக்கிறவன்தானே, தனியாக வேறு சொல்லணுமா என்று நம் ஆட்கள் இருந்துவிட்டார்கள்.

அதே வாக்கியத்தின் பின்பாதியைப் பார். விசா வேண்டாம் என்ற இடத்தில் யாருக்கு என்று எழுதவில்லை. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. எழுவாய் முன்பாதியில் நிற்கிறது, அங்கிருந்தே வந்து சேரும். ஆனால் மீன்பிடி என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. இல்லாத சொல்லை எங்கிருந்து எடுப்பது? இத்தனைக்கும் கடைசியில் ‘தீஸ் பர்ப்பஸஸ்’ என்று பன்மை வருகிறது. காரியங்கள் பல என்கிறார்கள், பெயர் சொன்னதோ ‘விசிட்’ ஒன்றைத்தான். ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களுக்கும் வழக்கமான உரிமை உண்டு என்கிறது. அங்கும் மீன் என்ற பேச்சு இல்லை. மீன்பிடி உரிமை பத்திரமாக இருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னார். இலங்கை எழுத்தைப் பிடித்துக்கொண்டது: ஓய்வெடுக்கலாம், வலை காயப்போடலாம், திருவிழாவுக்கு வரலாம், மீன் பிடிக்கக் கூடாது.

இரு நாடுகளும் மாற்றிக்கொண்ட 1976 மார்ச் 23ஆம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கைக் கடலில் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதி, அதே சொற்களை இலங்கைக் கலங்களுக்கும் மீனவர்களுக்கும் மறுபடி முழுசாக எழுதியிருக்கிறார்கள். கொடுக்கிறபோது சுருக்கம். தடுக்கிறபோது ஒரு சொல் விடுபடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் மனுவில் ஒவ்வொரு ஆளுக்கும் அவனவன் வினையைக் கொடு. சொன்னதையே சொல்கிறாய் என்று வாத்தியார் முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

சென்னைக் கம்பெனி வேலையா, ராமநாதபுரம் கோர்ட்டா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுத அங்கே ஆளா இல்லை? உன் தம்பி படிப்பை விட்டுவிட்டு, கச்சத்தீவு இருக்கிற வடகடலுக்கு மீன் பிடிக்கப் போக ஆரம்பித்திருக்கிறான். படகு வர நேரமானால் உன் அம்மா வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். நாளைக்கு அவன் பெயரில் ஒரு மனு எழுத வேண்டி வந்தால், மறுபடி யாரோ ஒருத்தரிடம் போய்த்தான் நிற்கணுமா? யோசித்து முடிவு பண்ணு.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு போடப்போகிற முதல் ஆள் நீதான். உன் மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பெரியம்மா பைபிளுக்குள் வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். சென்னைக்கே போனாலும் முதல் மாசச் செலவு என்னுடையது. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, ஒரு சனிக்கிழமை மதுரையில் ஏறி வந்துவிடு. நண்டுக் குழம்பு வைத்துத் தரச் சொல்கிறேன். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியம்.

உன் பெரியப்பா