மரத்தூள் தரையில் ஒரு பிரார்த்தனை

1874-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மதுக்கடை ஒன்றின் மரத்தூள் பரப்பிய தரையில் சில பெண்கள் மண்டியிட்டுப் பிரார்த்தித்தனர். கணவன் குடித்துக் குடும்பத்தை அழித்தாலும், மனைவிக்கு அக்காலச் சட்டம் அளித்த பாதுகாப்பு மிகக் குறைவு. அப்பெண்களுள் ஒருவர் ஃபிரான்சஸ் வில்லார்ட் (1839–1898). நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவியர் பிரிவின் தலைவியாக இருந்து, அவ்வாண்டே அப்பதவியைத் துறந்தவர்.

அவ்வாண்டில் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, நியூயார்க்கில் பெண்கள் பள்ளியொன்றின் தலைமை, நல்ல ஊதியம். மற்றொன்று, சிகாகோ நகரப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைமை, ஊதியமே இல்லை. வில்லார்ட் இரண்டாவதை ஏற்றார். இறைவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பி, பணம் பெற மறுத்தார். வண்டிக் கட்டணத்திற்கு வழியின்றி நடந்தார். பகலுணவின்றிப் பசித்திருந்த நாட்களும் உண்டு. முடிவில் நோயுற்றுப் படுத்தார். உழைப்பவர் கூலி பெறுவதே முறை என்று தாயார் எடுத்துரைத்த பின்னரே ஊதியம் பெற இசைந்தார். தியாகத்தினுள்ளும் நுண்ணிய அகங்காரம் ஒளிந்திருக்கக்கூடும். தாய் அதைக் கண்டுகொண்டார் போலும்.

1879-இல் தேசியச் சங்கத்தின் தலைவரானார். இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். பிரார்த்தனையோடு வாக்குச்சீட்டும் பெண்களுக்கு வேண்டும் என்றார். முந்தைய தலைவர் ஆனி விட்டன்மையர் அதற்கு உடன்பட்டவரல்லர். வில்லார்டிடம் குறையும் உண்டு. கறுப்பின மக்களைக் குறித்து 1890-இல் அவர் கூறியவற்றை ஐடா வெல்ஸ் பின்னர் கடுமையாகக் கண்டித்தார், அக்கண்டனம் நியாயமானதே.

1920-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933-இல் நீக்கப்பட்டது. அதே 1920-இல் அரசியலமைப்பில் இடம்பெற்ற பெண்களின் வாக்குரிமை நிலைத்துவிட்டது.